விருந்தாளி வீட்டாராகும் நாள்

"விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு" என்பது எமது ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பழமொழி. வந்தவர் அதிக நாள் தங்கக் கூசி இதைச் சொல்வார். வீட்டுக்காரரும் சில வேளைகளில் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு மனதுக்குள் சொல்லிக்கொள்வார். ஊருக்குத் திரும்பிப் போகக்கூடிய விருந்தாளிக்கு இந்தப் பழமொழி பொருந்தும். போவதற்கு வீடே இல்லாதவருக்கு? வயலை விட்டும் லயத்தை விட்டும் உடுத்த துணியோடு ஓடி வந்தவருக்கு நான்காம் நாள் எப்படி விடியும்?

இந்தச் சஞ்சிகையைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்கள். ஒரு காலத்தில் அடைக்கலம் தேடிப் போனீர்கள். பின்னர் உங்கள் வாசலுக்கு வேறொரு குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து நின்றபோது பாயை விரித்துப் போட்டீர்கள். ஆகவே விருந்தோம்பலைப் பற்றி உங்களுக்குப் போதிக்க நான் முற்படவில்லை. முதல் மூன்று நாள் உபசாரம் நல்ல மனமுள்ள எவராலும் முடியும். கிறிஸ்தவ வரவேற்பு நான்காம் நாளில்தான் பரிசோதிக்கப்படுகிறது என்ற ஒன்றை மட்டும் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஆதித் திருச்சபையின் கணக்கு

இந்தச் சிக்கல் புதிதல்ல. திருச்சபையின் மிகப் பழைய கைந்நூல்களில் ஒன்று 'திதாக்கே' எனப்படும் பன்னிரு திருத்தூதரின் போதனை. ஆண்டவரின் பெயரால் வரும் எவரையும் ஏற்றுக்கொள்ளும்படி அது சொல்கிறது. வழிப்போக்கர் இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கலாம் என்றும் கணக்கு வைக்கிறது. எமது பழமொழியோடு இது ஒத்துப்போவதைப் பாருங்கள்.

ஆனால் அந்நூல் அத்தோடு நின்றுவிடவில்லை. வந்தவர் அவ்விடத்திலேயே குடியிருக்க விரும்பினால் அவர் தம் தொழிலைச் செய்து உண்ணட்டும் என்கிறது. அவருக்குத் தொழில் தெரியாவிட்டால், அவர் சும்மா இராமல் வாழ்வதற்கு வழி தேடிக் கொடுப்பது சமூகத்தின் பொறுப்பு என்கிறது. மூன்று நாளுக்குப் பின் கதவைச் சாத்தும்படி அது சொல்லவில்லை. மூன்று நாளுக்குப் பின் உறவின் தன்மை மாற வேண்டும் என்கிறது.

விருந்தாளிக்கு நல்ல தட்டும் நல்ல பாயும் கிடைக்கும். வீட்டாருக்கு அவை கிடைக்காமல் போகலாம். ஆனால் விருந்தாளிக்கு இல்லாத நான்கு உரிமைகள் வீட்டாருக்கு உண்டு. அவர் அடுப்பைத் தொடலாம். வேலையில் பங்கு பெறலாம். வீட்டு விடயத்தில் வாய் திறக்கலாம். 'இது என் வீடு' என்று முகவரி சொல்லலாம். 'உங்களை எமது குடும்பமாக ஏற்கிறோம்' என்று மேடையில் சொல்லும்போது, இந்த நான்கில் எதைக் கொடுக்கிறோம் என்று எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுப்பு

தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள், வயதான பாட்டி. மணமுடித்த மகனும் மருமகளும் சேர்ந்தால் ஒரு சேலையைத் தட்டியாகக் கட்டிக்கொள்வார்கள். இந்த இடத்துக்குள்தான் எமது மக்கள் உறவினரை வரவேற்றார்கள். சாவு வீடு என்றால் பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் ஒரே வீடாகிவிடும். யார் வீட்டுப் பாய், யார் வீட்டுக் கேத்தல் என்று கேள்வி வராது. இடம் இருப்பவன் மட்டுமே இடம் கொடுப்பான் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியவர்கள் லயத்து மக்கள்.

ஊவாவில் ஒரு மண்சரிவுக்குப் பின் மண்டபமொன்றில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று வேளையும் சாப்பாட்டுப் பார்சல் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஆயினும் ஓர் அம்மா மண்டபத்தின் பின்புறத்தில் மூன்று கல்லை வைத்து, ஈர விறகை ஊதி ஊதி எரித்துக்கொண்டிருந்தார். பசியினால் அல்ல. தம் பிள்ளைக்குத் தம் கையால் ஒரு ரொட்டி சுட்டுக் கொடுக்க அவருக்கு ஆசை. நெருப்புப் பிடித்துவிடும் என்று பொறுப்பாக இருந்தவர்கள் முதலில் அஞ்சினார்கள். பிறகு சற்றுத் தள்ளித் தகரம் போட்டு, அடுப்பு வைக்க இடம் கொடுத்தார்கள். அடுத்த முறை போனபோது அந்தப் பெண்கள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். நிவாரணம் வாங்க வரிசையில் நின்றவர்கள் அன்று எனக்கு விருந்தளித்தார்கள்.

கொடுப்பதற்கு எதுவுமில்லாமல் வாங்கிக்கொண்டே இருப்பது மனிதரைக் குனிய வைக்கும். இயேசு மார்த்தாவின் வீட்டிலும் சக்கேயுவின் வீட்டிலும் விருந்தாளியாகவே அமர்ந்தார். எம்மாவூரிலோ, வழிப்போக்கராக அழைக்கப்பட்டவர் தாமே அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தார். அந்தப் பந்தியில் விருந்தாளியே வீட்டுத் தலைவரானார். அப்போதுதான் சீடர்களின் கண்கள் திறந்தன என்று லூக்கா எழுதுகிறார்.

வேலை

வரவேற்பில் ஒளிந்திருக்கும் ஓர் ஆபத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அடைக்கலம் கொடுப்பவர் தம்மை அறியாமலே மலிவான கூலியாளைத் தேடிக்கொள்ளலாம்.

மலையக மக்களின் வரலாற்றில் இது கசப்பான அத்தியாயம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. எஞ்சியோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதற்கிடையில் 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வன்னிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. கொழுந்து கிள்ளிய கைகள் காடு வெட்டவும் நெல் விதைக்கவும் பழகின.

அவர்களை வரவேற்றவர்கள் இருந்தார்கள். கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் தொடங்கிய காந்தீயம் அமைப்பு, வந்த குடும்பங்களைக் காணியில் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அதே ஆண்டு ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்நியரை அயலவராக்க முயன்றதற்கு அவர் கொடுத்த விலை உயிர்.

ஆனால் வன்னிக்குப் போன எல்லோருக்கும் காணி கிடைக்கவில்லை. பலர் பிறரின் வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிகளாகவே ஆண்டாண்டு காலம் இருந்தார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை அங்கும் கேட்டார்கள். ஒரே மொழி, பலருக்கு ஒரே மதம், ஒரே துன்பம். ஆயினும் உறவு வரப்பில் நின்றுவிட்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களில் பல மறுபடியும் மூட்டை கட்டின. இடம் கொடுப்பது வேறு, பங்கு கொடுப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் கற்பிக்க முடியாது.

திருவிவிலியத்தில் ரூத்தின் கதையை ஒரு விவசாயியின் கண்ணோடு வாசியுங்கள். அவள் மோவாபு நாட்டுப் பெண்; கணவனை இழந்தவள்; மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்தவள். அறுவடை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க ஏழைகளுக்கும் அந்நியருக்கும் மோசேயின் சட்டம் உரிமை கொடுத்திருந்தது. நிலத்துக்காரரான போவாசு அந்த உரிமையை மதித்ததோடு, அரிக்கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுமாறும், அவளை அதட்டாதிருக்குமாறும் வேலையாட்களுக்குச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அறுவடைக்காரரோடு அவளையும் உட்கார வைத்தார். பிச்சை வாங்கும் வெட்கம் அவளுக்கு வராதபடி பார்த்துக்கொண்டார். முடிவில் அந்த அந்நியப் பெண் அவ்வூரின் குடும்பத்தில் ஒருத்தியானாள். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச அட்டவணையில் அவள் பெயர் இருக்கிறது. அன்று போவாசு அவளைக் கூலிக்காரியாக மட்டும் கண்டிருந்தால் அந்த அட்டவணை எப்படி அமைந்திருக்கும்?

வாய்ச்சொல்

மூன்றாவது உரிமை பேச்சு. முகாமிலும் விருந்து வீட்டிலும் இடம்பெயர்ந்தவர் விரைவில் கற்றுக்கொள்ளும் பாடம், வாயை மூடிக்கொள்வது. பருப்பில் உப்பில்லை என்று விருந்தாளி சொல்லக்கூடாது. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சமில்லை என்று ஓர் இளம் பெண் சொன்னால், 'கிடைத்தது போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு.

இதற்கு மறுமொழி எமது ஊவா மண்ணிலேயே இருக்கிறது. பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானபோது அதன் முதல் ஆயராக வந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. கண்டியில் 1959 முதல் ஆயராக இருந்தவர், அந்தப் பழைய பெரிய மறைமாவட்டத்தை விட்டு, கிறிஸ்தவர் மிகக் குறைவாகவும் ஏழைகள் மிக அதிகமாகவும் வாழ்ந்த ஊவாவுக்குத் தாமாக விரும்பி வந்தார். 1982இல் இறக்கும் வரை இங்கேயே பணியாற்றினார். அவர் புனித பெனடிக்ற் ஒழுங்கைச் சேர்ந்த துறவி. அந்த ஒழுங்கின் சட்டநூல் வருகின்ற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. இது பலருக்கும் தெரியும். அதே நூலின் 61ஆம் அதிகாரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தூர இடத்திலிருந்து வந்து தங்கும் துறவி, மடத்தில் உள்ள குறையைப் பணிவோடும் நியாயத்தோடும் எடுத்துச் சொன்னால், மடத் தலைவர் அதை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். அதைச் சொல்வதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம் என்கிறது அந்த அதிகாரம். இப்படிப் பார்த்தால், வெளிச்சமில்லை என்று சொன்ன அந்த இளம் பெண்ணையும் ஆண்டவர் எம்மிடம் அனுப்பியிருக்கலாம் அல்லவா?

லியோ ஆண்டகை பண்டாரவளையில் தொடங்கிய 'சேவக செவண' குருத்துவப் பயிற்சி நிலையத்தில் கற்பித்தவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கேல் ரொட்றிகோ. பெரிய படிப்புப் படித்தவர். 1980இல் அவர் மொனராகலை மாவட்டத்தின் புத்தல பிரதேசத்தில் அலுகலவிட்ட என்னும் சிங்கள பௌத்த கிராமத்துக்குப் போய், 'சுப செத் கெதர' என்ற எளிய வீட்டில் குடியிருந்தார். மதம் மாற்றவோ திட்டங்களைத் தலையில் கட்டவோ அவர் போகவில்லை. அவ்வூர் விவசாயிகளின் விருந்தாளியாகப் போனார். அவர்களிடமிருந்து கற்றார். மூலிகை மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, நிலத்தைக் காக்கும் முயற்சி ஆகியவற்றில் அவர்களோடு நின்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வரவேற்கத் தெரிந்தவர் முதலில் வரவேற்கப்படவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி. பிறர் வீட்டுப் படியில் நின்று பார்த்தவருக்குத்தான் தம் வீட்டுப் படியில் நிற்பவரின் மனம் புரியும்.

முகவரி

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லை பிரதேசத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மீது மலை சரிந்து விழுந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. பலருடைய உடல்கள் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு வேறிடம் இல்லாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? லயம் தொழிலாளியின் சொத்தல்ல. அதை விற்றுவிட்டு வேறிடத்தில் வாங்க முடியாது. தலைமுறை தலைமுறையாக இருந்தும் சொந்த முகவரி இல்லாத வாழ்வு அது. தபால்கூடத் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியாகத்தான் வரும்.

முதல் நாட்களில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உதவி குவிந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பாராமல் லொறி லொறியாகப் பொருட்கள் வந்தன. பாடசாலைகள் வீடுகளாயின. பிறகு செய்தியாளர்கள் போனார்கள், லொறிகளும் குறைந்தன. மாகல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் குடும்பங்கள் நீண்ட காலம் தங்க நேர்ந்தது. அங்கே கட்டப்பட்ட 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. மூன்று நாள் விருந்துக்கும் இரண்டு வருடக் காத்திருப்புக்கும் இடையில் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. கோயில்களும் விகாரைகளும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் பாடசாலைகளும் மறுபடியும் கதவு திறந்தன. நான்காம் நாள் கேள்வி மறுபடியும் எழுந்தது.

வரவேற்பவரின் களைப்பு

அடைக்கலம் கொடுத்தவரும் மனிதரே. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். புத்தளத்து மக்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் திறந்து விட்டார்கள். ஆனால் வருடங்கள் செல்ல, ஒரே பாடசாலைக்கும் ஒரே கிணற்றுக்கும் ஒரே கூலி வேலைக்கும் இரு பங்கு மக்கள் போட்டியிட நேர்ந்தது, மனக்கசப்பு தலைகாட்டியது. இது புத்தளத்தாரின் குற்றமல்ல. நிவாரணம் பெரும்பாலும் முகாமைத் தேடிப் போகிறது. விருந்தாளிக்குப் பாதி அரிசியைக் கொடுத்த ஏழை வீட்டைத் தேடிப் போவதில்லை. வரவேற்கும் குடும்பத்தைத் தாங்குவதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே. பங்குச் சபை ஒன்றுக்கு அகதிக் குடும்பங்களின் பட்டியல் எவ்வளவு அவசியமோ, அவர்களை ஏற்ற குடும்பங்களின் பட்டியலும் அவ்வளவு அவசியம்.

எம்மால் ஆகக்கூடியவை

பெரிய நிதி இல்லாமலும் நாம் செய்யக்கூடியவை பல உண்டு.

முதலாவது, ஒரே வீட்டில் இரு குடும்பம் என்றால் கூடிய விரைவில் தனி அடுப்புக்கு இடம் கொடுங்கள். இரு அடுப்பு என்பது பிரிவினை அல்ல. சண்டை வராமல் காப்பது பெரும்பாலும் அதுவே.

இரண்டாவது, வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாத்தியையாவது அவர்கள் பொறுப்பில் விடுங்கள். அவர்கள் விதைத்ததை அவர்களே பறிக்கட்டும். விற்பனைக் காசும் அவர்களுடையதே. கூலிக்கு அழைத்தால் ஊராருக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுங்கள்.

மூன்றாவது, முகாம்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் வந்தவர்களில் இருவரையாவது, அதில் ஒரு பெண்ணையாவது, செயற்குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிக்கும் இடம், மலசலகூடம், இரவு வெளிச்சம் ஆகியவற்றைப் பெண்களே தீர்மானிக்கட்டும்.

நான்காவது, கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, பாடசாலை அனுமதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் பதிவு ஆகியவற்றுக்குக் கூடவே போங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் ஒரு நாளைச் செலவிட்டால், ஒரு குடும்பத்துக்கு முகவரி கிடைக்கலாம்.

ஐந்தாவது, அவர்களின் இறந்தோரை உங்கள் இறந்தோராக நினைவுகூருங்கள். விருந்தாளியின் துக்கத்தை நாம் விசாரித்துவிட்டு வருகிறோம். வீட்டாரின் துக்கத்திலோ கூடவே உட்காருகிறோம்.

கடைசித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இயேசு பேசும்போது, தம்மையே அந்நியரின் இடத்தில் நிறுத்துகிறார். அந்த அந்நியர் எத்தனை நாள் தங்கினார் என்று அங்கே குறிக்கப்படவில்லை. உங்கள் இஸ்தோப்பில் இன்று யாராவது தங்கியிருந்தால், நாளைக் காலையில் அவரிடம் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'இன்றைக்கு என்ன சமைப்போம், சொல்லுங்கள்' என்று கேளுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் எங்களை வீட்டாராக நடத்தியவர் யார்? எந்தச் செயலில் அதை உணர்ந்தோம்?

2. அடுப்பு, வேலை, வாய்ச்சொல், முகவரி ஆகிய நான்கில் எமது ஊரில் வந்து தங்கியிருப்போருக்கு இன்னும் கிடைக்காதது எது? அதற்காக இந்த மாதம் யார், என்ன செய்வது?

3. பிறரை ஏற்று வைத்திருப்பதால் களைத்துப்போன குடும்பம் எமது பங்கில் எது? அவர்களுக்கு நாம் எவ்வாறு தோள் கொடுக்கலாம்?